ஒரு பாட்டில் கட்டி முடியாத வீடு

1992இல் வந்த 'அண்ணாமலை' படத்தில் பால்காரர் அண்ணாமலை பெரும்பணக்காரர் ஆக எவ்வளவு காலம் பிடிக்கிறது? ஒரு பாட்டு. 'வெற்றி நிச்சயம்' என்று எஸ்.பி.பி. எடுக்கும்போது கையில் ஒன்றுமில்லாதவர், பாட்டு முடிகிறபோது தொழிலதிபர். இதை வைத்து இன்று மீம் போடாதவர்கள் குறைவு. ஆனால் அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்திருந்த யாரும் 'அதெப்படி இத்தனை சீக்கிரம், கடன் யார் கொடுத்தது, வட்டி எத்தனை' என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, விசிலடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடும்போது காலம் அப்படித்தான் ஓடும் என்று படத்துக்கும் நமக்கும் ஓர் உடன்பாடு உண்டு. யாரும் எழுதிக் கையெழுத்துப் போடாத உடன்பாடு.

அந்த உடன்பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்த தமிழ்ப்படங்கள் சில உண்டு. பாட்டே இல்லாத படங்கள். அவற்றைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'துணிச்சல்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். துணிச்சல்தான், மறுக்கவில்லை. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகத் தெரிவது வேறொன்று. பாட்டு நம் படங்களில் சும்மா வந்து போவதில்லை, வேலை பார்க்கிறது. காலத்தைச் சுருக்குகிறது, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஆசையைச் சொல்லிவிடுகிறது, இறுக்கமான காட்சிக்கு அப்புறம் மூச்சுவிட இடம் கொடுக்கிறது, பின் வரிசைக்காரருக்கு டீ குடிக்கப் போக நேரம் தருகிறது. பாட்டை எடுத்துவிட்டால் இந்த வேலையை எல்லாம் யார் பார்ப்பது?

முதலில் கொஞ்சம் பழைய கதை. தமிழில் சினிமா பேசத் தொடங்கியபோதே பாடத்தான் தொடங்கியது. 1931இல் எச்.எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' முதல் அப்படித்தான். 1934இல் தியாகராஜ பாகவதர் அறிமுகமான 'பவளக்கொடி'யில் 50 பாடல்கள். நாடக மேடையில் வசனத்தைவிடப் பாட்டு அதிகம், பாடத் தெரியாதவன் ராஜபார்ட் ஆக முடியாது. அந்த மேடையே நடந்து வந்து கேமரா முன்னால் நின்றதால் வந்த கணக்கு இது. 1938இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' வழியாகப் பின்னணிப் பாடகர் என்ற ஏற்பாடு தமிழுக்கு வந்தது. அதன் பிறகு நடிகருக்குப் பாடத் தெரிய வேண்டிய கட்டாயம் மெல்லப் போனது. பாட்டு மட்டும் போகவில்லை. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்றால் அதற்குக் கதை எவ்வளவு காரணம், 'மன்மத லீலையை' எவ்வளவு காரணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'ஹரிதாஸ்' வெளிவந்து பத்து வருடத்துக்குள், அதே சென்னையில், பாட்டே இல்லாமல் ஒருவர் படம் எடுத்தார். எடுத்தவர் யார் என்பதுதான் வேடிக்கை: எஸ். பாலச்சந்தர். வீணை பாலச்சந்தர். இசையே தெரியாத ஒருவர் 'பாட்டு எதற்கு' என்று கேட்டால் அது வேறு. வீணையைக் கரைத்துக் குடித்தவர் கேட்டார்.

'அந்த நாள்' 1954 ஏப்ரலில் வெளிவந்தது. தயாரிப்பு ஏ.வி.எம்., திரைக்கதை வசனம் ஜாவர் சீதாராமன். படம் தொடங்கியதுமே துப்பாக்கிச் சத்தம், கதாநாயகன் சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட மறுநாள் காலை அது. செத்தவன் ராஜன், ரேடியோ இன்ஜினியர். கொன்றது யார்? பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனுடன் ரகசியத் தொடர்பு வைத்திருந்த பெண், கடைசியில் மனைவி உஷா என்று ஒவ்வொருவரும் போலீசிடம் ஒவ்வொரு ராஜனைக் காட்டுகிறார்கள். ஒருவர் சொல்லும் ராஜன் இன்னொருவர் சொல்லும் ராஜனோடு ஒட்டுவதில்லை. பாலச்சந்தர் ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'ரஷோமோன்' படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் என்பது எல்லோரும் எழுதுவது. அந்த ஒப்பீட்டை இங்கே விட்டுவிடுகிறேன், அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொலையாளி யார் என்பதையும் விட்டுவிடுகிறேன். எழுபது வருடம் ஆகியும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள், பாவம்.

நான் யோசித்துப் பார்ப்பது, இந்தப் படத்தில் ராஜனும் உஷாவும் ஒரு டூயட் பாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. பண்டரிபாயும் சிவாஜியும் ஒரு தோட்டத்தில், நல்ல நிலவில். உடனே நமக்கு விஷயம் முடிந்துபோயிருக்கும். 'ஓ, இவர்கள் உண்மையாகவே காதலித்தவர்கள்' என்று மனசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நம் சினிமாவில் வசனம் பொய் சொல்லும், கண்ணீர்கூடப் பொய் சொல்லும். பாட்டு பொய் சொல்லாது. பாட்டில் வருவது படமே தன் வாயால் தரும் வாக்குமூலம். எல்லோருடைய சாட்சியையும் சந்தேகிக்கச் சொல்லும் ஒரு கதையில் சந்தேகிக்க முடியாத ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்ற முடியாது. அதனால் 'அந்த நாள்' பாட்டை விட்டதைக் கொள்கை என்றோ ஆர்ப்பாட்டம் என்றோ என்னால் பார்க்க முடியவில்லை. கதை கேட்டது, கொடுத்தார்.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. அன்றைக்கு சினிமாப் பாட்டு வீடு வீடாகப் போன வழி ரேடியோ. அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை முகம் சுளித்து ஒதுக்கிய காலத்தில் இலங்கை வானொலியைத் திருப்பி வைத்துக் கேட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் நாயகனை ரேடியோ இன்ஜினியராக வைத்துவிட்டு, அந்த ரேடியோவில் போட ஒரு பாட்டுகூடத் தராமல் விட்டிருக்கிறார் பாலச்சந்தர். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, எனக்கு இந்தக் குறும்பு பிடித்திருக்கிறது.

படம் அப்போது ஓடவில்லை. தேசிய விருதில் தமிழுக்கான சான்றிதழ் கிடைத்தது, பெயர் கிடைத்தது. பாலச்சந்தரும் 'இனிப் பாட்டே கிடையாது' என்று சபதம் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வருடம் கழித்து அவர் எடுத்த 'பொம்மை'யும் திகில் படம்தான். அதற்கு அவரே இசையமைத்தார், 'நீயும் பொம்மை நானும் பொம்மை' என்று யேசுதாஸைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பாட்டு வேண்டிய கதைக்குப் பாட்டு வைத்தார், அவ்வளவுதான்.

அடுத்து துணிந்தவர் ஜெயகாந்தன். 1965இல் தன் நாவலைத் தானே 'உன்னைப்போல் ஒருவன்' என்று படமாக எடுத்தார். (கமல்ஹாசன் நடித்து 2009இல் வந்த படத்தோடு இதற்குப் பெயரில் மட்டும்தான் உறவு.) அதற்குப் பின்னணி இசை சிட்டிபாபு. மறுபடியும் ஒரு வீணைக்காரர்! பாட்டில்லாத படத்துக்கும் வீணைக்கும் என்ன பொருத்தமோ. சேரியில் ஒரு தாயும் மகனும், அவள் வாழ்வில் வரும் ஓர் ஆணும் என்று போகும் கதை. இந்தப் படத்தைப் பார்த்தவர்களைவிடப் பற்றிப் படித்தவர்களே அதிகம். நானும் இரண்டாம் வகைதான் என்பதால் இதற்கு மேல் நீட்டவில்லை.

இனி 'வீடு'.

பாலு மகேந்திரா 1988இல் எடுத்த இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது தூர்தர்ஷனில், ஞாயிறு மதியம், மாநில மொழிப் படம் போடும் நேரத்தில். அந்த நேரத்தில் தமிழ்ப்படம் வருவதே எப்போதாவதுதான். வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களும் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். அன்றும் உட்கார்ந்தார்கள். அரைமணி நேரம் கழித்து ஒரு அத்தை கேட்டார்: "என்னடா இது, இன்னும் ஒரு பாட்டுகூடப் போடல?" ஒரு மணி நேரத்தில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். அந்த அத்தை மட்டும் கடைசி வரை இருந்தார். அப்போது அவர் வாடகை வீட்டில் இருந்தார்.

கதையை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். சுதா என்ற வேலைக்குப் போகும் பெண், தங்கை, வயதான தாத்தா மூவரும் குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டி வருகிறது; வேறு வீடு கிடைக்காமல், இருக்கும் நிலத்தில் ஒரு சின்ன வீடு கட்டத் தொடங்குகிறார்கள். பிறகு படம் முழுக்க வீடு கட்டுகிறார்கள். அவ்வளவுதான் படம்.

வேறு எந்தத் தமிழ்ப்படத்திலும் இது ஒரு பாட்டு. முதல் சரணத்தில் பூமி பூஜை, இடையிசையில் செங்கல் கைமாறும், இரண்டாம் சரணத்தில் நாயகி முகத்தில் சுண்ணாம்பு தெறிக்கும், நாயகன் அதைத் துடைப்பான், கடைசிப் பல்லவியில் வாசலில் தோரணம். நாலரை நிமிடம். பாலு மகேந்திரா அந்த நாலரை நிமிடத்தை எடுத்து ஒரு முழுப்படமாக விரித்தார். பாட்டு எதையெல்லாம் தாண்டிக் குதிக்குமோ அதெல்லாம் இங்கே காட்சி. பிளான் அப்ரூவலுக்கு ஆபீஸ் ஏற வேண்டும், கையில் வைக்க வேண்டும். கடன் கேட்கப் போன இடத்தில் ஓர் ஆண் வேறு கணக்குப் போடுவான். மழை வந்து தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். கான்ட்ராக்டர் சிமென்ட் மூட்டையைத் திருடுவார், அதைச் சித்தாள் மங்கம்மா அம்பலப்படுத்துவாள், கான்ட்ராக்டர் வேலையை விட்டுப் போவார், பிறகு அந்த மங்கம்மாவின் துணையோடுதான் சுவர் எழும்பும். ஒரு செங்கலுக்கும் அடுத்த செங்கலுக்கும் நடுவில் இத்தனை பேர் கை நீட்டுவார்கள் என்பது பாட்டு இருந்தால் தெரிந்திருக்காது.

பாட்டு இல்லை என்றேன், இசை உண்டு. அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்' என்று ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டிருந்தார், தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கையாக. பாலு மகேந்திரா படத்துக்கென்று புதிதாக இசை வாங்காமல் அந்தத் தொகுப்பிலிருந்தே எடுத்துப் பயன்படுத்தினார். படத்தைப் பார்த்துப் போட்ட இசை படத்துக்குச் செல்லம் கொடுக்கும். அழுகிற இடத்தில் கூட அழும், 'இப்போது பயப்படு' என்று தோளைத் தட்டும். இது படத்தைப் பார்க்காமலே பிறந்த இசை. அதற்குச் சுதாவைத் தெரியாது, அவள் கஷ்டம் தெரியாது. தன்பாட்டுக்கு வருகிறது, தன்பாட்டுக்குப் போகிறது.

தாத்தா முருகேசன் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்கத் தனியாகப் போகும் காட்சியைச் சொல்லாமல் இந்தப் படத்தைத் தாண்ட முடியாது. சொக்கலிங்க பாகவதர், தள்ளாத வயது, கையில் குடை. பூசாத சுவர். அவர் ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்க்கிறார். குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரி செங்கல்லைத் தடவுகிறார். வசனம் கிடையாது. வயலின் வருகிறது. அதைப் பார்த்த பிறகு அவர் அதிக நேரம் உயிரோடு இருப்பதில்லை. பாய்ஸ் கம்பெனி நாடக மேடையில் பாடி நடித்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் சொக்கலிங்க பாகவதர். பெயரிலேயே பாகவதர் இருக்கிறது. அவருக்குப் பாட்டே இல்லாத ஒரு படத்தில் வாய் திறக்காத ஒரு காட்சியைக் கொடுத்து, அதைத் தமிழ் சினிமா மறக்க முடியாதபடி செய்துவிட்டார் பாலு மகேந்திரா.

சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு தேசிய விருது கிடைத்தது, சிறந்த தமிழ்ப்படம் என்ற விருதும் கிடைத்தது. ஆனால் பாட்டு இல்லாத படத்துக்கு அந்தக் காலத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. படம் வந்திருக்கிறது என்பதே ஊருக்குத் தெரியாது. கேசட் கடையில் ஒலிக்காது, ரேடியோவில் வராது, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியில் தலைகாட்டாது. பாட்டுதான் போஸ்டர், பாட்டுதான் தண்டோரா. பாட்டு வைக்காத இயக்குநர் தன் கதையோடு மட்டும் மல்லுக்கட்டவில்லை. விநியோகஸ்தரின் பாக்கெட்டோடும் மல்லுக்கட்டினார். பல வருடம் கழித்து 2013இல் மிஷ்கின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்துக்குச் சென்னைத் தெருக்களில் தானே பசை வாளியோடு போய்ப் போஸ்டர் ஒட்டினார் என்ற செய்தி வந்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் படத்திலும் பாட்டு இல்லை.

1995 தீபாவளியில் ஒரு கூத்து நடந்தது. அக்டோபர் 23, ஒரே நாளில் இரண்டு படங்கள். ஒன்று ரஜினியின் 'முத்து', ஏ.ஆர். ரஹ்மான் இசை, 'தில்லானா தில்லானா' ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தது. மற்றது கமலின் 'குருதிப்புனல்', பாட்டே கிடையாது. தீபாவளிக்கு! புதுச்சட்டை போட்டு, லட்டு தின்று, வெடிவைத்த கையோடு வந்தவனுக்கு இரண்டரை மணி நேரம் சித்திரவதை, துரோகம், விசாரணை அறை. நான் 'முத்து'வுக்கு டிக்கெட் கிடைக்காமல் 'குருதிப்புனல்' போனவன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பி.சி. ஸ்ரீராம் இயக்கி ஒளிப்பதிவும் செய்த படம், கோவிந்த் நிஹலானியின் 'துரோகால்' என்ற இந்திப் படத்தின் தமிழாக்கம். (இந்திரா பார்த்தசாரதியின் புகழ்பெற்ற நாவலுக்கும் இதற்கும் தலைப்பைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை.) இரண்டு போலீஸ் அதிகாரிகள், தீவிரவாதக் கூட்டத்துக்குள் அவர்கள் அனுப்பிவைத்த ஒற்றர்கள், ஒவ்வொரு மனிதனும் உடைந்துபோகும் ஒரு புள்ளி உண்டு என்று நம்பும் ஓர் எதிரி. நாசர் அந்த எதிரியாக நாற்காலியில் உட்கார்ந்து கமலைப் பார்க்கும் பார்வையைச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கதையில் பாட்டு செய்திருக்கக்கூடிய ஒரே வேலை, நமக்கு மூச்சுவிட நேரம் கொடுப்பது. அந்த நேரத்தைத்தான் பி.சி. ஸ்ரீராம் தர மறுத்தார். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தால் பயம் ஆறிப்போயிருக்கும். அன்று யாரும் வெளியே போகவில்லை. ஒரே ஒருவர் மட்டும் பின்னாலிருந்து "பாட்டைக் கட் பண்ணிட்டானா ஆபரேட்டர்?" என்று குரல் கொடுத்தார். அதற்கும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் இரண்டாம் ஆட்டத்தில் கடைசி பஸ்ஸைக் கணக்குப் பண்ணி ஆபரேட்டர் இரண்டு பாட்டை வெட்டுவது வழக்கம்.

டால்பி ஒலியமைப்பை முதலில் கையாண்ட இந்தியப் படங்களில் இதுவும் ஒன்று. பாட்டு விட்டுப்போன இடத்தைச் சத்தங்கள் எடுத்துக்கொண்டன என்பதற்கு இது நல்ல சாட்சி. இருபது வருடம் கழித்து வந்த வெற்றிமாறனின் 'விசாரணை' இதே பாதையில் இன்னும் தூரம் போனது. கோவையின் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து வந்த படம். 2015இல் வெனிஸ் விழாவுக்குப் போய், மறுவருடம் பிப்ரவரியில் இங்கே தியேட்டருக்கு வந்தது. அதில் எனக்கு இன்றும் காதில் நிற்பது எந்த இசையும் இல்லை, முதுகில் விழும் அடியின் ஓசை. அதை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'பாட்டில்லாத படமா, அப்போ நல்ல படம்தான்' என்று ஒரு பேச்சு நண்பர்கள் மத்தியில் அடிக்கடி கேட்கிறேன். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' படத்திலிருந்து 'அழகிய கண்ணே'யை எடுத்துவிட்டால் அந்தத் தாய்க்கு அந்தப் படத்தில் சந்தோஷம் என்று ஒன்று இருந்ததே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். அவள் இறந்தபின் அந்தக் குழந்தைகளைப் பார்க்கும்போது நமக்குத் தொண்டை அடைப்பது அந்தப் பாட்டினால்தான். அங்கே பாட்டு ஒரு கடனை வைத்துவிட்டுப் போகிறது. பிற்பாதி முழுக்க அதை நாம் அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

மறுபக்கம், பாட்டில்லாத படம் என்று பெயர் வாங்கிவிட்டுப் பாட்டைப் பின்கதவு வழியாக உள்ளே விடும் படங்களும் உண்டு. நாயகன் ஸ்லோமோஷனில் நடப்பான், மழை பெய்யும், சட்டை பறக்கும், தீம் மியூசிக் இரண்டு நிமிடம் அதிரும். வரி இல்லை என்பதைத் தவிர அது பாட்டேதான். பழைய அறிமுகப் பாட்டு என்ன செய்ததோ அதையே செய்கிறது. 2019 தீபாவளிக்கு வந்த லோகேஷ் கனகராஜின் 'கைதி' எனக்குப் பிடித்த படம். ஒரே இரவு, லாரி, பிரியாணி, கார்த்தி. பாட்டும் இல்லை, நாயகியும் இல்லை. அதிலும் பிற்பாதியில் சாம் சி.எஸ்.ஸின் இசை நாயகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் இடங்கள் உண்டு. குறை என்று சொல்லவில்லை, தியேட்டரில் நானும் சேர்ந்துதான் கத்தினேன். பாட்டு இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஒரு தகவல்: அந்த தீபாவளிக்கும் எதிரில் நின்றது ரஹ்மான் இசையமைத்த படம், விஜய்யின் 'பிகில்'. இந்த முறை பாட்டில்லாத படமும் நன்றாகவே ஓடியது. ஒளியும் ஒலியும் காலம் போய், ட்ரெய்லரும் யூடியூபும் தண்டோரா போடும் காலம் வந்துவிட்டது அல்லவா.

மிஷ்கின் இதில் நேர்மையானவர். அதுவரை அவர் படம் என்றால் மஞ்சள் சேலையில் ஒரு பாட்டு என்று சொல்லும் அளவுக்கு 'சித்திரம் பேசுதடி', 'அஞ்சாதே', 'யுத்தம் செய்' எல்லாவற்றிலும் ஒன்று வைத்திருந்தார். 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' வந்தபோது மொத்தத்தையும் விட்டார். இளையராஜாவின் பெயரைப் பின்னணி இசை என்று போடாமல் 'முன்னணி இசை' என்று போட்டார். இரவு முழுக்க ஓடும் படம் அது. போலீஸ், தாதா, நடுவில் ஒரு மருத்துவ மாணவன், குண்டடிபட்ட ஒரு கொலைகாரன். பேச வேண்டியவர்கள் யாரும் பேசாத கதையில் வயலின்கள் பேசிக்கொண்டே இருக்கின்றன. சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே பேசுகின்றன என்பது என் எண்ணம். ஆனால் 'இசை இங்கே பின்னால் நிற்கவில்லை' என்று வெளிப்படையாகவே எழுதிப் போட்டுவிட்ட ஒருவரிடம் அதைக் குறையாகச் சொல்ல முடியவில்லை.

தியாகராஜன் குமாரராஜா வேறு வழி பிடித்தார். 'ஆரண்ய காண்டம்' (2011), 'சூப்பர் டீலக்ஸ்' (2019) இரண்டிலும் பாத்திரங்கள் பாட மாட்டார்கள், பாட்டுக் கேட்பார்கள். எங்கோ ஒரு ரேடியோவில், ஒரு டிவியில் பழைய இளையராஜா பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நம் வாழ்க்கையிலும் அப்படித்தானே. காதல் வந்தால் நாம் ஊட்டிக்குப் போய் ஆடுவதில்லை. டீக்கடையில் ஒலிக்கும் பாட்டு திடீரென்று நமக்காகவே ஒலிப்பது போல இருக்கும், ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். லோகேஷும் இதைப் பிடித்துக்கொண்டார். 'விக்ரம்' படத்தில் 'சக்கு சக்கு வத்திக்குச்சி', 'லியோ'வில் 'கரு கரு கருப்பாயி' என்று மறந்துபோன பாட்டுகளை அடிதடிக்கு நடுவில் ஓடவிட்டார். அந்தப் பழைய பாட்டுகள் புதுப்பாட்டுகளை முந்திக்கொண்டு செல்போனெல்லாம் நிறைந்தன. படத்தின் வாயிலிருந்த பாட்டு இப்படி மெல்ல இறங்கி மூலையில் இருக்கும் ஸ்பீக்கருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஸ்பீக்கரை வைத்து ஒரு படத்தின் முதுகெலும்பையே முறித்துக் காட்டியவர் பி.எஸ். வினோத்ராஜ். அவருடைய முதல் படம் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. வெயிலில் ஓர் அப்பனும் மகனும் நடக்கும் படம். அதில் யுவன் சங்கர் ராஜாவின் இசை எப்போதாவது எட்டிப் பார்க்கும். இரண்டாவது படமான 'கொட்டுக்காளி'யில் அதையும் விட்டுவிட்டார். 2024 ஆகஸ்ட் 23இல் வெளிவந்தது. அதே வெள்ளிக்கிழமை பாட்டுகளோடு வந்த மாரி செல்வராஜின் 'வாழை'யும் கூடவே நின்றது. 'கொட்டுக்காளி'யில் பாட்டு மட்டும் அல்ல, இசை என்பதே கிடையாது. சுரேன், அழகியகூத்தன் இருவரின் ஒலி வடிவமைப்புதான். ஷேர் ஆட்டோ இன்ஜின், பைக்கின் சைலன்சர், பூச்சிகளின் ரீங்காரம், காலைக் கட்டிப்போட்ட சேவலின் முனகல்.

மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். பேய் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டிய குடும்பம், அவளுக்கு முறைமாமன் பாண்டியோடு சேர்ந்து அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. சூரிதான் பாண்டி. தொண்டை கட்டிக்கொண்டதால் கழுத்தில் சுண்ணாம்பைப் பூசியிருக்கிறான். குரல் கரகரவென்று வருகிறது, ஆனாலும் அந்தக் குரல்தான் எல்லோரையும் அதட்டுகிறது. மீனாவுக்கு நல்ல குரல் இருக்கலாம். அவள் பேசுவதே இல்லை. அன்னா பென் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு படம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். வழியில் ஒரு காளை ரோட்டை மறித்து நிற்கிறது, இத்தனை ஆம்பிளைகளும் இறங்கி நின்று முழிக்கிறார்கள், ஒரு சின்னப் பெண் வந்து அதைப் பிடித்துக்கொண்டு போகிறாள். படத்தில் சிரிப்பு என்று ஏதாவது உண்டென்றால் அந்த இடம்தான்.

அப்புறம் ஒரு கிராமத்தைத் தாண்டும்போது சடங்கு வீட்டில் குழாய் ரேடியோ கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு பழைய சினிமாப் பாட்டு. ஒரு மணி நேரமாக ஒரு இசைத்துணுக்குகூடக் கேட்காத நம் காதுக்கு அது மழை மாதிரி வருகிறது. மீனாவுக்கும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். வாய்க்குள்ளேயே மெல்லக் கூடப் பாடுகிறாள். பாண்டி பார்த்துவிடுகிறான். யாரை நினைத்து அவள் பாடுகிறாள் என்பது அவனுக்குத் தெரியும், அல்லது தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறான். அடுத்த சில நிமிடங்கள் அவன் மீனாவை அடிக்கிறான், தடுக்க வந்தவர்களை அடிக்கிறான், தன் அக்கா, அம்மா என்று பார்க்காமல் அடிக்கிறான்.

நான் பார்த்த காட்சிக்கு இருபது முப்பது பேர்தான் வந்திருந்தார்கள். குழாய் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்ததும் எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு அம்மாவும் மீனாவோடு சேர்ந்து முணுமுணுக்கத் தொடங்கினார். பாட்டு அவருக்கு மனப்பாடம் போல. பாண்டி கையை ஓங்கியதும் நிறுத்திக்கொண்டார்.